சர்க்கரை கூட வந்தாதான் திறக்கற கதவு

போன வருஷம் ஒரு ராத்திரி. தங்கச்சி பையனுக்கு அப்போ மூணு வயசு. மத்தியானத்துல இருந்து வயித்தால போயிட்டே இருந்துச்சு, ரெண்டு தடவை வாந்தியும் எடுத்துட்டான். டாக்டர்கிட்ட காட்டியாச்சு, அவர் ஓஆர்எஸ் பாக்கெட்டும் ஜிங்க் மருந்தும் எழுதிக் குடுத்து, கண்ணு குழி விழுந்தாலோ பையன் துவண்டு போனாலோ ரத்தம் கலந்து போனாலோ நேரம் பாக்காம தூக்கிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பியிருந்தார். காய்ச்சி ஆறின தண்ணி சரியா ஒரு லிட்டர் அளந்து, பாக்கெட்டை முழுசா கொட்டிக் கலக்கி, ஒரு ஸ்பூன், ஒண்ணு ரெண்டு நிமிஷம் கழிச்சு இன்னொரு ஸ்பூன்னு ஊட்டிட்டே இருந்தேன்.

பக்கத்துல உக்காந்திருந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பாக்கெட்டுக்குப் பின்னாடி பொடி எழுத்துல இருக்கறதைப் படிச்சுட்டு இருந்தாங்க. திடீர்னு கேட்டாங்க, "ஏண்டி, உடம்புல இருந்து உப்பும் தண்ணியும் போகுது, அதனால உப்பும் தண்ணியும் குடுக்கறோம், அது புரியுது. இதுல உப்பை விட சர்க்கரைதானே அஞ்சு மடங்கு இருக்கு? சர்க்கரை எதுக்கு? குழந்தை குடிக்கணும்னா?"

"தெம்புக்கும்மா"ன்னு சொல்லிட்டேன். சொன்ன உடனே மனசுல உறுத்துச்சு. ஒரு லிட்டர்ல இருக்கற குளுக்கோஸ் பதிமூணரை கிராம், அதுல கிடைக்கற தெம்பு ஒண்ணுமே இல்ல, அதுக்காக யாரும் அதைச் சேக்கல. நான் பயாலஜி படிச்சவ, பிளஸ் ஒன் பசங்களுக்கு செல் சவ்வு பாடத்தை வருஷா வருஷம் எடுக்கறவ. சரியான பதில் அந்தப் பாடத்துலயேதான் இருக்கு. ஆனா அதை ஒரு வரியில சொல்ல முடியாது, முதல்ல இருந்து வரணும். அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட கொஞ்சம் கொஞ்சமா சொன்னதை இங்க முழுசா எழுதறேன்.

முதல்ல பரவல்ங்கற விஷயம். தண்ணில ஒரு சொட்டு இங்க் விட்டா தானா விரியும், யாரும் கலக்க வேண்டாம். மூலக்கூறுகள் எல்லாம் சூட்டுனால சும்மா இருக்காம இடிச்சுக்கிட்டே அலையுது, அந்த அலைச்சல்ல நெருக்கமா இருக்கற இடத்துல இருந்து காலியா இருக்கற இடத்துக்கு நகர்றது அதிகமாவும் திரும்பி வர்றது கம்மியாவும் அமைஞ்சிடுது, அவ்வளவுதான், அதுக்குப் பின்னாடி வேற எந்த விசையும் கிடையாது. 1855-ல அடால்ஃப் ஃபிக் இதுக்குக் கணக்கு போட்டார், 1905-ல ஐன்ஸ்டைன் அந்த அலைச்சலுக்கே கணக்கு போட்டார். அந்தக் கணக்குல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம், தூரம் பத்து மடங்கு ஆனா நேரம் நூறு மடங்கு ஆகும். ஆக்சிஜன் மாதிரி ஒரு குட்டி மூலக்கூறு தண்ணிக்குள்ள 10 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு செல்லோட குறுக்களவு, கடக்க கிட்டத்தட்ட ஒரு நொடியில இருபதுல ஒரு பங்கு போதும். ஒரு சென்டிமீட்டர் போகணும்னா ஏறக்குறைய 14 மணி நேரம். ஒரு மீட்டர் போகணும்னா 15 வருஷத்துக்கு மேல! செல் ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு, நமக்கு ஏன் இதயமும் ரத்தக்குழாயும் வேணும், நுரையீரல் ஏன் அவ்வளவு மெல்லிசான பைகளா இருக்குன்னு பசங்க கேக்கும்போதெல்லாம் நான் இந்த மூணு எண்ணையும் போர்டுல எழுதிட்டு தள்ளி நின்னுடுவேன், அவங்களே பேசிக்குவாங்க.

அப்போ பரவல் இருக்கும்போது செல்லைச் சுத்தி சவ்வுன்னு ஒரு சுவர் எதுக்கு? பரவல் எல்லாத்தையும் சமமாக்கிடும், அதுக்காகத்தான். சமமாயிட்டா செல் செத்துப்போச்சுன்னு அர்த்தம். நம்ம ரத்தத்துல லிட்டருக்கு 135-ல இருந்து 145 மில்லிமோல் (எடையை இல்லாம எண்ணிக்கையைச் சொல்ற அளவு) சோடியம் இருக்கு, செல்லுக்கு உள்ள அதுல பத்துல ஒரு பங்குதான். பொட்டாசியம் அப்படியே தலைகீழ், உள்ள 140 அளவுக்கு, வெளிய வெறும் 4. கால்சியம் வெளிய இருக்கறதுல பத்தாயிரத்துல ஒரு பங்குதான் உள்ள கரைஞ்சு திரியுது. இந்த ஏற்றத்தாழ்வை விடாம பிடிச்சு வச்சிருக்கறதுதான் உயிரோட இருக்கற செல் செய்யற முதல் வேலை, மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

இதைப் பிடிச்சு வச்சிருக்கற சுவர் என்னன்னு பாத்தா, எண்ணெய்ப்படலம் மாதிரி ஒண்ணு. 1890-கள்ல ஜூரிக்ல எர்னஸ்ட் ஓவர்ட்டன்னு ஒருத்தர் செடிகளோட வேர்த்தூவிகளையும் தலைப்பிரட்டைகளையும் வச்சுக்கிட்டு நூத்துக்கணக்கான பொருள்களை ஒவ்வொண்ணா சோதிச்சுப் பாத்தார், எது செல்லுக்குள்ள போகுது, எது போகலைன்னு. எண்ணெயில எது நல்லா கரையுதோ அதெல்லாம் சுலபமா உள்ள போச்சு. அப்போ செல்லைச் சுத்தி இருக்கறது எண்ணெய்த்தன்மை உள்ள ஏதோ ஒண்ணுன்னு சொன்னார். அப்படி ஒரு படலத்தை நேர்ல பாக்கற கருவியே இல்லாத காலம் அது.

அப்புறம் 1925-ல கோர்ட்டர், கிரெண்டல்னு ரெண்டு டச்சுக்காரங்க ரத்தச் சிவப்பணுக்கள்ல இருந்து கொழுப்பை எல்லாம் பிரிச்சு எடுத்து, அதைத் தண்ணி மேல ஒத்தை அடுக்கா பரப்பி பரப்பளவை அளந்தாங்க. செல்களோட மொத்த மேற்பரப்பை விட ரெண்டு மடங்கு வந்துச்சு. ஆக, சவ்வு ரெண்டு அடுக்கு. உண்மையில அவங்க கொழுப்பை முழுசா எடுக்கல, செல்லோட பரப்பையும் குறைச்சுக் கணக்கு போட்டிருந்தாங்க, ரெண்டு தப்பும் ஒண்ணை ஒண்ணு ஈடுகட்டி விடை சரியா வந்துடுச்சு. இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும். வெறும் ஒரு தட்டுல பரப்பின கொழுப்பை வச்சு, கண்ணுக்கே தெரியாத ஒண்ணு ரெண்டு அடுக்குன்னு மனுஷன் கண்டுபிடிச்சிருக்கான் பாருங்க.

அந்த ரெண்டு அடுக்குல ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தண்ணியை விரும்பற தலை ஒண்ணு, தண்ணியை வெறுக்கற வால் ரெண்டு. தலை எல்லாம் வெளிப்பக்கம், வால் எல்லாம் நடுவுல ஒளிஞ்சுக்கும். வாலும் வாலும் சேந்த அந்த நடுப்பகுதிதான் எண்ணெய். மொத்தக் கனமும் 7, 8 நானோமீட்டர்தான், ஒரு தலைமுடிக் கனத்துக்கு இந்த மாதிரி பத்தாயிரம் சவ்வு அடுக்கலாம். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, ஆல்கஹால், ஸ்டீராய்டு ஹார்மோன், மயக்க மருந்துல பலது எல்லாம் இந்த எண்ணெயில கரைஞ்சு நேரா உள்ள வந்துடும். ஆனா சோடியம், பொட்டாசியம், குளோரைடு மாதிரி மின்னூட்டம் உள்ளது எதுவும் வராது. உப்பு தண்ணில கரையும்போது ஒவ்வொரு அயனியும் தன்னைச் சுத்தித் தண்ணி மூலக்கூறுகளைச் சட்டை மாதிரி போட்டுக்குது, எண்ணெய்க்குள்ள நுழையணும்னா அந்தச் சட்டையைக் கழட்டணும், கழட்டறதுக்கு அதுக்கு மனசே வராது. வெறும் கொழுப்புப் படலத்தை மட்டும் வச்சு அளந்தா, தண்ணி போற சுலபத்துக்கும் சோடியம் போற சுலபத்துக்கும் நடுவுல வித்தியாசம் நூறு கோடி மடங்குக்கும் மேல.

இங்கதான் என் முதல் கஷ்டம் ஆரம்பிச்சுது. நான் காலேஜ் முதல் வருஷத்துல ரியோங்கற செடியோட இலையின் அடிப்பக்கத்துல இருந்து ஊதா நிறத் தோலை பிளேடால கீறி உரிச்சு ஸ்லைடுல வச்சுப் பாத்திருக்கேன். சின்னச் சின்ன அறை, ஒவ்வொரு அறையும் ஓரம் வரைக்கும் ஊதாத் தண்ணி நிரம்பி நிக்கும். கவர்ஸ்லிப்போட ஒரு ஓரத்துல கெட்டியான உப்புத்தண்ணி ஒரு சொட்டு விட்டு, மறு ஓரத்துல ஃபில்டர் பேப்பர் துண்டை வச்சு இழுக்கணும். கண்ணை எடுக்காம பாத்தா, மூலையில முதல்ல ஒரு சின்ன வெள்ளை இடைவெளி விழும், அப்புறம் இன்னொரு மூலையில, ஊதா கொஞ்சம் கொஞ்சமா சுவரை விட்டு விலகி, சுருங்கச் சுருங்க நிறம் கருத்துக்கிட்டே போய், கடைசியில அறை நடுவுல ஒரு கரும் ஊதா உருண்டையா நிக்கும். அறையோட சுவர் அப்படியே இருக்கும், சவ்வு மட்டும் உள்ள சுருண்டு போயிருக்கும். அப்புறம் வெறும் தண்ணி விட்டா திரும்ப உப்பி சுவரைத் தொடும். முதல் தடவை அதைப் பாத்தப்போ மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே தோணல.

இதுக்குப் பேர் சவ்வூடு பரவல். ஆனா எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அதுக்குக் குடுத்தது ஒரே ஒரு வரி வரையறை, குறைந்த செறிவிலிருந்து அதிக செறிவுக்குன்னு. எதோட செறிவுன்னு கேட்டதுக்கு எழுதிக்கோன்னு மட்டும் சொன்னார். இன்னிக்கும் என்கிட்ட வர்ற பசங்கள்ல பாதிப் பேர் அந்த வரியை மனப்பாடமா வச்சிருக்காங்க, பரவல்னா அதிகத்துல இருந்து குறைவுக்கு, சவ்வூடு பரவல்னா குறைவுல இருந்து அதிகத்துக்குன்னு, ஏதோ தண்ணி மட்டும் இயற்கைக்கு எதிரா நடக்கற மாதிரி. அப்படி எதுவும் இல்ல. உப்பு நிறைய கரைஞ்ச இடத்துல தண்ணி சுதந்திரமா திரியறது குறைவு, உப்பு இல்லாத இடத்துல அதிகம், அதனால தண்ணியும் தான் தாராளமா இருக்கற இடத்துல இருந்து இல்லாத இடத்துக்குத்தான் போகுது. உப்பு தாண்ட முடியாததால தண்ணி தாண்டுது. இந்த ஒரு வாக்கியம் புரிஞ்சா போதும், வரையறை தேவையே இல்ல. ஆஸ்பத்திரியில ஏத்தற சலைன் ஏன் சரியா 0.9 சதவீதம்ங்கறதும், வெறும் தண்ணியை ஏன் ஊசி வழியா ரத்தத்துல ஏத்தக் கூடாதுங்கறதும் இதுலயே வந்துடும், வெறும் தண்ணியில விட்டா சிவப்பணு உப்பி வெடிச்சுடும்.

சரி, ஆனா தண்ணி எண்ணெயைத் தாண்டறது எப்படி? கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு தாண்டும்தான், ஆனா சிவப்பணுவும் சிறுநீரகமும் தண்ணியைக் கடத்தற வேகத்துக்கு அந்தக் கசிவு பத்தாது. ரொம்ப நாளா இது விடை தெரியாம இருந்துச்சு. பீட்டர் ஆக்ரேங்கற விஞ்ஞானி சிவப்பணுவுல வேற ஒரு புரதத்தைத் தேடிட்டு இருந்தார், அதோட கூடவே வேண்டாத விருந்தாளியா ஒரு சின்னப் புரதம் வந்துட்டே இருந்துச்சு, ஏராளமா. சிவப்பணுவுலயும் சிறுநீரகத்துலயும் இவ்வளவு இருக்கே, இது தண்ணிக்கான வழியா இருக்குமோன்னு சந்தேகம். 1992-ல அதைச் சோதிக்கறதுக்கு அவங்க எடுத்தது தவளை முட்டை. தவளை முட்டை குளத்துத் தண்ணியில கிடந்தாலும் உப்பாது, அதோட சவ்வு தண்ணியை அவ்வளவு சுலபமா விடாது. அந்த முட்டைக்குள்ள இந்தப் புரதத்தைச் செய்யறதுக்கான ஆர்என்ஏவை ஊசியால ஏத்தி, மூணு நாள் விட்டு, உப்புக் குறைஞ்ச தண்ணியில போட்டாங்க. சாதா முட்டை அப்படியே கிடந்துச்சு. ஊசி போட்ட முட்டை சில நிமிஷத்துல உப்பி வெடிச்சுது. அக்வாபோரின்னு பேர் வச்சாங்க, 2003-ல நோபல் பரிசு.

அந்தத் துளை ஒரு தண்ணி மூலக்கூறு அளவுக்குத்தான் இருக்கு, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வரிசையிலதான் போகணும், அப்படிப் போயும் ஒரு நொடிக்கு நூத்துக்கணக்கான கோடி தண்ணி மூலக்கூறு ஒரே ஒரு துளை வழியா போகுது. அதுலயும் புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை, மட்டும் விடாது. தண்ணி மூலக்கூறுகள் கை கோத்து நின்னா புரோட்டான் கைமாறிக் கைமாறித் தாவிடும், ஆனா துளைக்கு நடுவுல வரும்போது தண்ணி மூலக்கூறு திரும்பி நிக்கற மாதிரி அமைஞ்சிருக்கு, கோத்த கை அங்க விடுபடுது. புரோட்டான் கசிஞ்சா செல்லுக்கு ஆற்றல் சேமிக்கற வழியே போயிடும், அதனால இவ்வளவு கவனம்.

அதே 2003 பரிசுல பாதி ராடெரிக் மக்கின்னனுக்குப் போச்சு, பொட்டாசியம் போற வழியோட அமைப்பை 1998-ல படமா காட்டினதுக்கு. சோடியம் பொட்டாசியத்தை விடச் சின்னது, ரெண்டுக்கும் ஒரே மின்னூட்டம். பெரியவன் போற வாசல்ல சின்னவன் போக முடியலைன்னா எப்படி? பத்தாயிரம் பொட்டாசியம் போனா ஒரு சோடியம்தான் போகுது, அதுவும் நொடிக்கு பத்து கோடி அயனி வேகத்துல. விடை அந்தச் சட்டைக் கதையிலதான் இருக்கு. வாசலோட உள்சுவர்ல ஆக்சிஜன் அணுக்கள் வரிசையா நிக்குது, பொட்டாசியத்தைச் சுத்தித் தண்ணி எந்த தூரத்துல நிக்குமோ சரியா அதே தூரத்துல. பொட்டாசியம் தண்ணிச் சட்டையைக் கழட்டிட்டு உள்ள வந்தா அதே இதமா ஆக்சிஜன் அணுக்கள் தாங்கிக்கும், கழட்டினதுல நஷ்டமே இல்ல. சோடியம் வந்தா அளவு பத்தாது, சுவர்ல இருக்கற ஆக்சிஜன் எட்ட நிக்குது, சட்டையைக் கழட்டினா ஈடு கிடைக்காது, அதனால அது வாசல்லயே தயங்கி நின்னுடும். இதை வகுப்புல சொல்லி முடிச்சதும் ஒரு பையன் "அப்போ கதவு தடுக்கல மிஸ், அதுக்கே உள்ள வரப் பிடிக்கல"ன்னான். நான் அதுக்கு அப்புறம் இதை அவன் சொன்ன மாதிரியேதான் சொல்லிக் குடுக்கறேன்.

இது வரைக்கும் சொன்னது எல்லாமே இறக்கத்துல உருள்ற சமாச்சாரம், செல்லுக்குச் செலவு கிடையாது. ஆனா வாசல் இருந்தா எல்லாம் உருண்டு உருண்டு ஒரு நாள் சமமாயிடுமே? அதைத் தடுக்கறதுக்கு யாராவது திரும்பத் திரும்ப மேல ஏத்திக்கிட்டே இருக்கணும். அந்த ஆளை 1957-ல டென்மார்க்ல ஜென்ஸ் ஸ்கோ கடற்கரை நண்டோட கால் நரம்புல கண்டுபிடிச்சார். நரம்பை அரைச்சு எடுத்த சவ்வுத் துண்டுகள் செல்லோட எரிபொருளான ஏடிபியை உடைக்குது, சோடியமும் பொட்டாசியமும் சேந்து இருந்தா ரொம்ப வேகமா உடைக்குது, தனித்தனியா இருந்தா அப்படி இல்ல. அதுதான் சோடியம் பொட்டாசியம் பம்ப். ஒரு ஏடிபியைச் செலவு பண்ணி மூணு சோடியத்தை வெளிய தள்ளி ரெண்டு பொட்டாசியத்தை உள்ள இழுக்கும், பொறந்ததுல இருந்து சாகற வரைக்கும். நோபல் பரிசு வந்தது 1997-ல, நாப்பது வருஷம் கழிச்சு. நாம சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவு பண்ற ஆற்றல்ல அஞ்சுல ஒரு பங்குக்குக் குறையாம இந்த ஒரு பம்ப்புக்கே போகுது, மூளையில இன்னும் அதிகம்.

இந்த பம்ப் நின்னா என்ன ஆகும்னு பாக்கணும்னா ரத்த வங்கிக்குப் போகணும். ரத்தப் பையை நாலு டிகிரி குளிர்ல வைக்கறாங்க, அந்தக் குளிர்ல பம்ப் கிட்டத்தட்ட ஓடாது. நாள் ஆக ஆக சிவப்பணுவுக்குள்ள இருந்து பொட்டாசியம் வெளிய கசிஞ்சுட்டே இருக்கும், சோடியம் உள்ள ஏறிட்டே இருக்கும். ரொம்ப நாள் வச்ச ரத்தத்தைப் பிறந்த குழந்தைக்கு நிறைய ஏத்தறப்போ பொட்டாசியத்தை நினைச்சு டாக்டருங்க யோசிக்கறது இதனாலதான். நல்ல விஷயம் என்னன்னா, உடம்புச் சூட்டுக்கு வந்ததும் செல் திரும்ப பம்ப்பை ஓட்ட ஆரம்பிச்சுடும், கொஞ்சம் கொஞ்சமா தன் ஏற்றத்தாழ்வை மீட்டுக்கும்.

இப்போ அம்மா கேட்ட கேள்விக்கு வந்துட்டோம். பம்ப் ஓயாம சோடியத்தை வெளிய தள்றதால செல்லுக்குள்ள எப்பவும் சோடியம் பஞ்சம். வெளிய இருக்கற சோடியத்துக்கு உள்ள ஒரு பெரிய பள்ளம் தெரியுது, விழணும்னு துடிக்குது, ஆனா எண்ணெய்ப்படலம் விடல. சிறுகுடல் சுவர்ல இருக்கற செல்கள் இந்தத் துடிப்பை வச்சு ஒரு வேலை பாக்குது. குடல் பக்கம் பாத்த சவ்வுல எஸ்ஜிஎல்டி1-னு ஒரு புரதம். அது திறந்து கிடக்கற துளை கிடையாது. குடல் பக்கம் வாயைத் திறந்து நிக்கும், ரெண்டு சோடியம் வந்து உக்காரணும், அப்புறம் ஒரு குளுக்கோஸ் வந்து உக்காரணும், மூணும் உக்காந்தாதான் அது புரண்டு செல்லோட உள்பக்கம் வாயைத் திறக்கும். சோடியம் மட்டும் உக்காந்தா புரளாது. பள்ளத்துல விழற சோடியம் குளுக்கோஸையும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வருது. அப்புறம் செல்லோட மறுபக்கத்துல குளுக்கோஸ் வேற வாசல் வழியா ரத்தத்துக்குப் போயிடும், சோடியத்தை நம்ம பம்ப் அந்தப் பக்கம் வெளிய தள்ளிடும், உப்பும் சர்க்கரையும் போன பக்கம் தண்ணி தானா பின்னாடியே போகும். 1960 ஆகஸ்டுல பிராக் நகரத்துல நடந்த ஒரு கூட்டத்துல ராபர்ட் கிரேன் இந்தக் கணக்கை முதல் தடவையா வரைஞ்சு காட்டினார். அவர் யோசிச்சது குளுக்கோஸ் எப்படி உள்ள வருதுன்னு. அதையே திருப்பிப் போட்டா, சோடியத்தை உள்ள கொண்டு வர குளுக்கோஸ் வேணும்.

"அப்போ சர்க்கரைதான் சாவியா?"ன்னு அம்மா கேட்டாங்க. "சாவின்னு சொல்ல முடியாதும்மா, ரெண்டு பேரும் ஒண்ணா வந்தாதான் திறக்கற கதவு. உப்பு தனியா வந்தாலும் திறக்காது, சர்க்கரை தனியா வந்தாலும் திறக்காது"ன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "இன்னொரு ஸ்பூன் குடு"ன்னாங்க.

காலராவுல நடக்கறதைச் சொன்னா இது இன்னும் நல்லா விளங்கும். காலராக் கிருமி குடலைக் கடிச்சுக் குதறறது இல்ல, அது விடற நச்சுதான் எல்லாத்தையும் பண்ணுதுன்னு 1959-ல கல்கத்தாவுல சம்பு நாத் தே நிரூபிச்சார். அந்த நச்சு குடல் செல்லுக்குள்ள ஒரு சிக்னலை அணையவே விடாம எரிய வச்சுடுது, அதனால சிஎஃப்டிஆர்னு ஒரு குளோரைடு வாசல் திறந்த மேனிக்கே நின்னுடுது. குளோரைடு குடலுக்குள்ள கொட்டுது, பின்னாடியே சோடியம், பின்னாடியே தண்ணி, மோசமான நிலையில ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைக்கும். (இதே சிஎஃப்டிஆர் பொறவியிலேயே கெட்டுப்போய் சரியா திறக்காம இருந்தா சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், நுரையீரல்ல சளி கெட்டியா அடைச்சுக்கும். ஒரே வாசல், மூடாட்டி ஒரு நோய், திறக்காட்டி ஒரு நோய்.) ஆனா இவ்வளவு அட்டகாசத்துலயும் அந்த நச்சு எஸ்ஜிஎல்டி1-ஐத் தொடறதே இல்ல! கொட்டற வாசலை நம்மால மூட முடியலைன்னாலும் இந்தப் பக்கம் இன்னொரு கதவு நல்லபடியா இருக்கு, அது வழியா கொட்டறதை விட வேகமா உள்ள அனுப்பலாம்.

1968-ல டாக்காவுல டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளுக்கு வாய் வழியாவே இந்தக் கரைசலைக் குடுத்து, நரம்புல ஏத்தற திரவத்தோட தேவையை வெகுவா குறைக்கலாம்னு காட்டினாங்க. 1971-ல வங்கதேசப் போர் நேரத்துல லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்தாங்க, அங்க போன்கான் முகாம்ல காலரா. சலைன் பாட்டில் தீந்து போச்சு, ஊசி போடத் தெரிஞ்ச ஆளும் பத்தல. திலீப் மஹலனாபிஸ்ங்கற டாக்டர் உப்பையும் குளுக்கோஸையும் அளந்து தண்ணில கலக்கி, நோயாளிகளோட சொந்தக்காரங்க கையிலயே குடுத்து குடிக்க வைக்கச் சொன்னார். முப்பது சதவீதம் வரைக்கும் இருந்த சாவு நாலு சதவீதத்துக்குக் கீழ வந்துச்சு. படிச்ச நர்ஸ் தேவையில்ல, பெத்தவங்களோட கையும் ஒரு டம்ளரும் போதும். 1978-ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகை, இந்த நூற்றாண்டோட மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமா இது இருக்கலாம்னு எழுதுச்சு. சவ்வுல இருக்கற ஒரே ஒரு கதவோட குணத்தைப் புரிஞ்சுக்கிட்டதுக்குக் கிடைச்ச பலன் இவ்வளவு.

அம்மாவோட சந்தேகத்துல இன்னொரு பாதியும் இருந்துச்சு, "இனிப்பு குடுத்தா வயித்தால இன்னும்தானே போகும்?" அது நிஜம்தான், அதை நான் ஒதுக்கல. கதவுக்குத் தேவைப்படறதை விட சர்க்கரை அதிகமா போனா, உள்ள போக முடியாம குடல்லயே தங்கற சர்க்கரை ரியோ இலைக்கு வெளிய விட்ட உப்புத்தண்ணி மாதிரி வேலை பாக்கும், உடம்புல இருந்து தண்ணியைக் குடலுக்குள்ள இழுக்கும். அதனாலதான் குளிர்பானமும் டப்பா ஜூஸும் இதுக்கு ஆகாது. அதனாலதான் பாக்கெட்ல பாதியைக் கொட்டி மீதியை அப்புறம்னு வைக்கறதும், ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கலக்கறதும் தப்பு. முன்னாடி இருந்த கலவையில லிட்டருக்கு 90 மில்லிமோல் சோடியம், 111 குளுக்கோஸ். 2002-ல இருந்து உலக சுகாதார அமைப்பு சொல்ற கலவையில சோடியமும் 75, குளுக்கோஸும் 75. கிராம்ல பாத்தா அஞ்சு மடங்கு வித்தியாசம் தெரியும், ஆனா எண்ணிக்கையில ஒண்ணுக்கு ஒண்ணு. குளுக்கோஸ் மூலக்கூறு கனம், அவ்வளவுதான். மொத்தக் கரைபொருளும் 311-ல இருந்து 245-க்கு இறக்கியாச்சு, ரத்தத்தை விடக் கொஞ்சம் நீர்த்தது, அப்போதான் தண்ணிக்கு உள்ள போறதுக்கு இன்னும் சுலபம்.

சவ்வைத் தாண்டறதுக்கு வேற வழிகளும் உண்டு, பெரிய புரதத்தையும் கிருமியையும் சவ்வே குழிஞ்சு பை மாதிரி மூடி உள்ள இழுத்துக்கறது, இன்சுலின் வந்ததும் தசை செல் தன் உள்ள மடிச்சு வச்சிருக்கற குளுக்கோஸ் வாசலை எடுத்து வெளிச்சவ்வுல பொருத்தறது, இரைப்பையில அமிலத்தை லட்சக்கணக்கான மடங்கு ஏத்தற புரோட்டான் பம்ப். ஒவ்வொண்ணும் தனியா எழுதற அளவுக்குப் பெரிசு, இங்க வேண்டாம்.

ஆனா அன்னிக்கு ராத்திரிக்கு இன்னொரு வாசல் தேவைப்பட்டுச்சு, அதை மட்டும் சொல்றேன். சாயந்திரத்துல இருந்து பையன் ஒண்ணுக்கே போகல. சிறுநீரகம் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டி, அதுல ஒண்ணரை லிட்டரைத் தவிர மத்ததை எல்லாம் திரும்ப எடுத்துக்குது. உடம்புல தண்ணி குறைஞ்சா மூளையில இருந்து வாசோபிரஸின்னு ஒரு ஹார்மோன் வரும், அது வந்ததும் சிறுநீரகத்தோட கடைசிக் குழாய் செல்கள் உள்ள பத்திரமா வச்சிருந்த அக்வாபோரின்களைக் கொண்டு வந்து சவ்வுல பொருத்திக்கும், கடைசிச் சொட்டு வரைக்கும் தண்ணியைத் திரும்ப உறிஞ்சும். அதனாலதான் டாக்டர் "கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்"னு அவ்வளவு அழுத்திக் கேட்டார். தண்ணி போதும்னு உடம்புக்குத் தெரிஞ்சாதான் அந்த வாசல்களைத் திரும்ப உள்ள இழுத்துக்கும்.

பன்னெண்டு மணிக்கு ஒரு தடவை ஸ்பூனைத் தட்டி விட்டான். ஒரு மணிக்கு அழுதான், கண்ணுல தண்ணி வந்துச்சு, தங்கச்சி அதைப் பாத்துட்டு அவளும் அழுதா. ரெண்டு மணிக்கு மேல ஸ்பூன் வேண்டாம்னு டம்ளரையே பிடிச்சு இழுத்தான், ஆனா வாந்தி வந்துடக் கூடாதேன்னு மெதுவா மெதுவாதான் குடுத்தோம். அம்மா என்னை நகரச் சொல்லிட்டு அவங்க கொஞ்ச நேரம் ஊட்டினாங்க, ஸ்பூன்ல ஒரு சொட்டு கூட வீணாகாம. விடியக்காலை நாலரை மணிக்கு அவன் பக்கத்துல படுத்திருந்தப்போ என் முழங்கை நனைஞ்சுது. கை வச்சுப் பாத்தேன், மெத்தை விரிப்பு முழுக்க ஈரம், வெதுவெதுன்னு இருந்துச்சு. லைட்டைப் போட்டு அம்மாவையும் தங்கச்சியையும் எழுப்பினேன்.